தேரி மூன்றாம் பெட்டி

நிலாவோடு பேசக் கிளம்பிய அந்த இரண்டு பேருக்கும் தங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

சுயம்புலிங்கம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். ஜெசிந்தா கையிலிருக்கும் ஸ்பானரைப் பார்த்துப் பதில் சொல்வாள். சிப்பிக்குடாவில் மூடிக்கிடந்த ஐஸ் ஆலையின் மொட்டைமாடியில், தகரக் கொட்டகைக்குள், இருவருக்கும் நடுவே ஒரு மேசை. மேசைமேல் பச்சைச் சாயம் உரிந்த இரும்புப் பெட்டி. பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் ‘தேரி 3’ என்று எழுதியிருந்தது.

“உள்ள என்ன இருக்குன்னு தெரியாம கைய வைக்கக்கூடாது” என்றார் சுவரிடம்.

“தெரிஞ்ச கை உங்ககிட்ட இருந்தா என்னய எதுக்குக் கூப்பிட்டிய?” என்றாள் ஸ்பானரிடம்.

நாற்பது வருடம் படையில் சிக்னல் பிரிவில் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு கைநடுக்கம் வந்துவிட்டது. காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறவர், மூவாயிரம் வோல்ட் ஓடும் பெட்டிக்குள் எப்படி விரலை விடுவார்? அந்தக் கடற்கரையில் அந்த வேலைக்குத் துணிந்த இன்னொரு கை ஜெசிந்தாவுடையதுதான். ஊரில் வேறு யாரும் அவளுக்கு வேலை கொடுக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

இருபது நாள் சண்டை முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. படை தனக்கு வேண்டாத சாமான்களை ஏலத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. லாரி டயர், கூடாரத் துணி, அவற்றோடு இந்த மைக்ரோவேவ் ஆம்ப்ளிஃபையர்களும். ஒரு முனையில் முணுமுணுத்தால் மறுமுனையில் முழங்குகிற பெட்டிகள். சண்டையில் எதிரியின் பேச்சைக் குழப்ப வைத்திருந்தவை. பொழுதுபோக்குக்காக ரேடியோ வைத்திருக்கும் ஹாம்காரர்களுக்கோ அது வரப்பிரசாதம். அவ்வளவு சத்தமாக முழங்கினால் நிலாவில் மோதித் திரும்பும் தன் குரலைத் தானே கேட்கலாம். போக ஒன்றேகால் வினாடி, வர ஒன்றேகால் வினாடி. அந்த இரண்டரை வினாடிக்காகத்தான் சுயம்புலிங்கம் வாழ்நாளெல்லாம் காத்திருந்தார்.

ஜெசிந்தாவும் ஹாம்காரிதான், ஆனால் அவளுக்கு நிலாமேல் எந்த ஆசையும் இல்லை. சாலிடர் புகையை மறுபடி ஒருமுறை முகர வேண்டும் என்பதற்காகத்தான் வந்தாள்.

ஒரு காலத்தில் சிப்பிக்குடா வள்ளங்களின் கடல்பேசிகள் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். செயற்கைக்கோள் வழியாகப் பேசுகிற கைக்கடக்கமான பெட்டி. அரசாங்கம் வள்ளத்துக்கு ஒன்றாகக் கொடுத்தது. உப்புக்காற்றில் மாதம் ஒன்று செத்துப்போகும். அவள் உயிர் கொடுப்பாள். கரையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு கடலில் இருப்பவர்களுக்குப் பதில் சொல்வதும் அவள்தான். சம்பளமில்லாத வேலை. கோயில் திருவிழாவில் மைக்கில் பேர் வாசித்து மாலை போட்டார்கள்.

சண்டையின் பதினோராம் நாள், ஐந்து மைலுக்குள் தொழில் செய்யலாம் என்று அனுமதி கொடுத்த காலையில், அவள் புருஷன் கஸ்பாரின் ‘சகாயமாதா’ வள்ளம் ஐந்து பேரோடு போனது. திரும்பவில்லை. மூன்று உடல்கள் ஒதுங்கின. கஸ்பார் ஒதுங்கவில்லை. விசாரணை அறிக்கையில் ஒரே ஒரு வரி: ‘மேற்படி வள்ளத்தின் கடல்பேசியிலிருந்து எந்த அழைப்பும் வரவில்லை.’

முந்தின நாள்தான் அந்தக் கடல்பேசியை ஜெசிந்தா பழுது பார்த்துக் கொடுத்திருந்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ‘அவ கை பட்ட பெட்டி ஊமையாப் போச்சு’ என்று ஆரம்பித்தது, ‘புருஷனையே முழுங்கினவ’ என்று முடிந்தது. இறந்தவர்களில் ஒருவனான பிலேந்திரனின் மனைவி வியாகுலம், மூன்று வருடமாகத் தினமும் மீன் கழுவிய தண்ணீரைச் சுமந்துவந்து ஜெசிந்தாவின் வாசலில் ஊற்றிவிட்டுப் போகிறாள். ஒரு நாளும் தவறியதில்லை. ஜெசிந்தா ஒரு நாளும் தடுத்ததில்லை. தடுக்க அவளிடம் என்ன இருக்கிறது? கண்ணை மூடினால் அந்தக் கடல்பேசியின் உள்பக்கம் தெரியும். பதினான்கு சாலிடர் புள்ளிகள். எதைச் சரியாகச் சூடாக்காமல் விட்டோம்? ஏழாவதையா? பன்னிரண்டாவதையா? ஒருமுறை, ஒரே ஒருமுறை, அது வேலை செய்ததா இல்லையா என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். அதன்பின் சாகச் சொன்னால்கூடச் செத்துவிடுவாள்.

பெட்டிக்குள் முழக்கத்தைப் பெருக்குவது ஒரு வெற்றிடக் குழாய். பல வருடம் உறங்கிய குழாய்க்கு எடுத்தவுடன் முழு மின்சாரம் கொடுக்கக்கூடாது. ஒரு நாள் முழுக்க வெறும் சூடு மட்டும் காட்டி எழுப்ப வேண்டும். அதைச் செய்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு, கிழக்கே உப்பளத்துக்கு மேல் வெளிறின நிலா ஏறியபோது, ஜெசிந்தா பெரிய டிஷ்ஷை அதன் பக்கம் திருப்பினாள்.

“மைக்ல நீ பேசு. நான் வினாடி எண்ணுதேன்” என்றார் சுயம்புலிங்கம் சுவரிடம்.

அவள் ஸ்விட்சைத் தட்டினாள். “ஒன்று. இரண்டு. மூன்று.”

இரண்டரை வினாடி கழித்து வர வேண்டிய குரல், அவள் நாக்கை மடக்குமுன் வந்துவிட்டது. ‘ஒன்று. இரண்டு. மூன்று.’ இரைச்சலே இல்லை. நிலாவுக்குப் போய் வந்த குரல் அவ்வளவு சுத்தமாக இருக்காது. அவள் மைக்கை வைத்துவிட்டாள். அப்போது ஒலிபெருக்கி தானாகவே, அதே குரலில் சொன்னது: ‘மூன்று. ஒன்று. மூன்று.’

சுயம்புலிங்கம் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“மூலையில சீல் வச்ச சின்ன டப்பா ஒண்ணு இருந்திருக்குமே. அதக் கழத்தலியா நீ?”

“உள்ள உள்ளதெல்லாம் அழிச்சாச்சுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாவ. விசிறிக்குக் கரண்ட் அது வழியாத்தான் போவுது. ஓடுறத எதுக்கு அறுக்கணும்?”

ஹாம்காரர்களின் புத்தி அது. ஓடுகிற எதையும் அவர்களால் தூக்கிப் போட முடியாது.

“ஸ்டிக்கர் ஒட்டினவன் ஸ்டிக்கர் மட்டுந்தான் ஒட்டியிருக்கான், பாவி. ஆஃப் பண்ணு. அந்த டப்பாவ எடு. சுத்தியல் கொண்டா.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு கேக்காத.”

“அண்ணாச்சி. அது என் குரல வச்சுப் பேசுது. எதுக்குன்னு கேக்காம உங்க பேரயா கேப்பேன்?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மத்த ஜாமர்லாம் காதப் பொத்தும். இது வாயத் திருடும். போதுமா? காத்துல வர்ற பேச்சப் பூரா எடுத்து வச்சிக்கிடும். எவன் பேச்சுக்கு எவன் கட்டுப்படுதான்னு பாக்கும். எந்தக் குரல் ‘நில்லு’ன்னா படகு நிக்குது, எந்தக் குரல் ‘வா’ன்னா வருது, அதக் கணக்கு வச்சி, சமயம் வர்றப்ப கரைக்குப் போற பேச்ச மறிச்சிட்டு, அந்தக் குரலயே வெட்டி எடுத்து அவனுக்குப் பதில் சொல்லும். எதிரிப் படகு ஒரே இடத்துல நிக்கணும், நம்மாளு போய் அடிக்கணும். அதுக்குச் செஞ்சது.”

“எதிரி எவன், ஊர்க்காரன் எவன்னு அதுக்குத் தெரியுமா?”

அவர் குனிந்து சுத்தியலைத் தேடினார்.

ஜெசிந்தா பெட்டியின் பக்கவாட்டு எழுத்தைப் பார்த்தாள். தேரி 3. ஊருக்குப் பின்னால் இருக்கும் செம்மண் தேரிமேடு. சண்டையின்போது முள்கம்பி போட்டு யாரையும் விடாத இடம். மேட்டில் ஏறினால் சிப்பிக்குடாக் கடல் முழுவதும் கீழே கிடக்கும்.

“எத்தன நாள் பேச்சு இதுக்குள்ள இருக்கும்?”

“இருக்காது.”

“அண்ணாச்சி.”

“எல்லாம் இருக்கும். இது மறக்காது. போதுமா? ஏலத்துல கையெழுத்துப் போட்டு எடுத்திருக்கேன். அந்த டப்பாவக் கேட்டாலே குத்தம். எனக்குப் பென்ஷன் போவும், உனக்கும் எனக்கும் ஜெயிலு. உடைச்சுப் போடு, நாளைக்கு நிலாவப் பாப்போம்.”

ஜெசிந்தா எழுந்து போய் டிஷ்ஷுக்குப் போகிற தடித்த கம்பியை ஒரே திருகில் கழற்றினாள். பிறகு விரலை உயரழுத்த ஸ்விட்சின் மேல் வைத்தாள். சத்தம் போக வழியில்லாமல் முழங்கினால் குழாய் தன் சத்தத்தாலேயே கருகிவிடும். ஒரு நொடி போதும். உலகத்தில் அந்த ஜாதிக் குழாயை இனி யாரும் செய்யப்போவதில்லை.

“பதினோராம் நாளு. காலைல எட்டு மணிக்கு மேல. எடுத்துப் போடுங்க.”

“ஏ, பைத்தியக்காரி!”

“மூணு எண்ணுவேன். ஒன்று. இரண்டு.”

ஒலிபெருக்கி அவளை முந்திக்கொண்டு ‘மூன்று’ என்றது. இருவரும் துள்ளிவிட்டார்கள். அவர் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். அந்த டப்பாவை எப்படித் திறப்பது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

முதலில் வேறு யார் யாரோ பேசினார்கள். பிறகு, பக்கத்து அறையில் நின்று கூப்பிடுவதுபோல:

‘சகாயமாதா பேசுது, சகாயமாதா பேசுது. எஞ்சின் நின்னுட்டு. வாடைக்காத்து ஏறுது. தீவுக்கு வடக்க ரெண்டு மைல்ல கெடக்கோம். கரையில யாரும் இருக்கியளா?’

ஒரு கரகரப்பு இல்லை, விட்டுவிட்டு வரவில்லை. பதினான்கு சாலிடரும் பிடித்திருக்கின்றன. ஜெசிந்தா மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். மூன்று வருடமாக அவள் அழவில்லை என்று ஊர் பழித்தது. இப்போதும் அழவில்லை. “வேல செஞ்சிருக்கு” என்று மட்டும் சொன்னாள். “அண்ணாச்சி, வேல செஞ்சிருக்கு.” கஸ்பார் இன்னொருமுறை கூப்பிட்டான். எஞ்சினைப் பற்றி, காற்றைப் பற்றி, நிதானமாகச் சொன்னான். நாற்பது வினாடி.

அதன்பின் பதில் வந்தது. ‘அங்கனயே நில்லுங்க. நங்கூரத்தப் போடுங்க. வள்ளம் வருது.’

அது ஜெசிந்தாவின் குரல்.

அந்தக் காலையில் அவள் பெட்டி ஊமையாக இருந்தது. அவள் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தைகள் அவளுக்குத் தெரியும். சண்டைக்கு முன்னால், அதன் மூட்டம் போட்டிருந்த புரட்டாசியில், எஞ்சின் நின்றுபோன இன்னொரு வள்ளத்துக்கு அவள் சொன்ன வார்த்தைகள். அவர்கள் நின்றார்கள், நங்கூரம் போட்டார்கள், வள்ளம் போய் இழுத்து வந்தது. மாலை போட்டது அதற்குத்தான். தேரிமேட்டில் இருந்தது அன்றைக்கே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

‘யண்ணே’ என்றது தள்ளி நின்ற ஒரு குரல். பிலேந்திரன். ‘தார்ப்பாய விரிச்சா வாடையே கொண்டுபோய்த் தீவுல விட்டுரும். ஒரு மணி நேரந்தான். போயிருவமா?’

‘நில்லுன்னு சொல்லுதாள்ளா?’

‘அக்காதானா அது? கால்சைன் சொல்லலியே. நேரமும் சொல்லல.’

கஸ்பார் சிரித்தான். அவன் சிரிப்பை அவள் மறந்தே போயிருந்தாள். ‘கட்டுன புருஷனுக்குக் கால்சைன் சொல்லுவாளாக்கும்? என் பொண்டாட்டி கொரலு எனக்குத் தெரியாதால? போடு நங்கூரத்த.’

மேலும் நாற்பது நிமிடம் ஓடியது. காற்றுச் சத்தம் கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறை கஸ்பார் கேட்கும்போதும் அதே குரல், அதே இதத்தோடு, வள்ளம் வருது என்றது. கடைசியில் அவன் வள்ளத்தின் பேரையெல்லாம் விட்டுவிட்டு, ‘ஜெசி, எங்கட்டி வருது?’ என்றான். வள்ளம் வருது என்றது.

அதற்குப்பின் சகாயமாதா பேசவில்லை. சுயம்புலிங்கம் நிறுத்தினார்.

அவள் அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள். “காலைல நெட்டுல என்னக் கரிச்சுக் கொட்டுவியளே. கால்சைன் சொல்லு, நேரம் சொல்லு, அது இல்லாம மைக்க வைக்காதன்னு. அத்தன பேரு காதுபட. ‘ஊரு மாலை போட்டா சட்டத்த மறந்துருவியா’ன்னு.”

தினம் காலை ஏழு மணிக்கு ஹாம்காரர்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள்; அதுதான் நெட். அதை நடத்துகிறவர் சுயம்புலிங்கம். பேசி முடிக்கும்போது தன் அழைப்புக் குறியான கால்சைனும் மணியும் சொல்ல வேண்டும் என்பது சட்டம். பாதிப் பேர் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர் ஜெசிந்தாவைத்தான் திட்டுவார். பட்டாளத்து வீம்பு என்று எரிச்சல்பட்டு, அந்த வீம்புக்காகவே கடல்பேசியிலும் அவள் அதைப் பாதி நேரம் சொல்லாமல் விட்டாள்.

“பழைய பேச்ச வெட்டித்தான அது பேசும்” என்றார் தரையைப் பார்த்து. “கடைசில மணி சொன்னா, ஏழு மணிப் பேச்சு ஒம்பது மணிக்கு வந்தா கேக்கறவனுக்குத் தெரிஞ்சுபோவும். அதான் சொல்லச் சொன்னேன். கரையில ஜனம் கட்டுப்படுற குரல் உன்னுதுதான். அதான் உன்ன மட்டும்.”

“இப்படி ஒரு மிஷின் இருக்குன்னு அப்பவே தெரியும் உங்களுக்கு.”

“இதோட மூத்த பெட்டிய என் கையால ஓட்டியிருக்கேன். வாயத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன், பிள்ள. வேற என்ன வழி? திட்டத்தான் முடிஞ்சுது.”

“திட்டுறதுக்கு வாய் இருந்துது.”

“சொல்லியிருந்தா ஜெயிலு.”

“அஞ்சு பேரு, அண்ணாச்சி.”

அவர் முகம் ஆடியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று தோன்றவும் இல்லை. சத்தியத்தைக் காப்பாற்றிய மனுஷன். காலாற நடந்து வந்து நிலாவுக்கு டிஷ் திருப்பச் சொல்கிறார்.

கடைசியில் அவரே வழி சொன்னார். முதல் நாற்பது வினாடியை மட்டும் தனியாக எடுத்துத் தருவார். கஸ்பார் கூப்பிடுகிறான், பெட்டி வேலை செய்கிறது, அதோடு சரி. யார் எங்கே பிடித்தது என்று கேட்டால், பழைய பதிவு கிடைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். “உன்மேல தப்பில்லன்னு ஊருக்குத் தெரிஞ்சா போதுமில்லா? மிச்சத்த ஊரு கேட்டா என்ன ஆவும்? மிஷினு கிஷினுல்லாம் அவனுக ஏத்துக்கிட மாட்டானுவ. உன் கொரலுன்னுதான் சொல்லுவானுவ.”

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. மூன்று வருடமாக அவள் கேட்டது அந்த நாற்பது வினாடியைத்தான். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

முழுப் பதிவையும் ஒரே கருவியில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். விடிந்தால் ஞாயிறு, வெட்டி எடுக்க நேரமில்லை. நாற்பதாவது வினாடியில் நிறுத்திவிடுவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் அரைமனதாக மைக்கைக் கொடுத்தார். கோயில் முன்மணலில் ஜனம் நின்றது. பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். “பாட்டு போடப் போறாளாம்” என்றான் ஒருவன். “அவ போட்டா பெட்டி பாடுமாவே?” என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். வியாகுலம் முன்வரிசையில், இடுப்பில் கை வைத்து நின்றாள்.

சுயம்புலிங்கம் கருவியைத் தட்டினார். கஸ்பார் கூப்பிட்டான்.

சிரித்தவர்கள் தொப்பென்று அடங்கினார்கள். ‘சகாயமாதா பேசுது’ என்று கோயில் சுவரில் மோதிக் கேட்டபோது ஒரு கிழவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஓலமிட்டார்கள். நாற்பது வினாடி முடிந்தது. சொன்னபடி அவர் நிறுத்தினார்.

“பெட்டி பேசியிருக்கு” என்று ஒருத்தி கத்தினாள். “பேசியிருக்கு, எவனும் போகல!” அந்தக் கத்தல் பரவியது. கூட்டத்தை இடித்துக்கொண்டு வியாகுலம் வந்தாள். மீன்வாடை அடித்த இரண்டு கையாலும் ஜெசிந்தாவின் வலக்கையைப் பிடித்தாள். உதடு கோணிக்கொண்டு போனது.

“யக்கா. மூணு வருஷம் ஒன் வாசல்ல…” பிறகு, சின்னப்பிள்ளை கேட்பதுபோலக் கேட்டாள். “எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் பேசலியா?”

“அவ்வளவுதாம்மா இருக்கு” என்றார் சுயம்புலிங்கம் உடனே.

வியாகுலம் அவரைப் பார்க்கவில்லை. ஜெசிந்தாவைத்தான் பார்த்தாள். “ஒத்த வார்த்தகூட இல்லியா, யக்கா? சண்டை போட்டாலும் சரி. வஞ்சாலும் சரி.”

ஊர் முழுவதும் அவள்பக்கம் வந்துவிட்டது. கை இவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கும் என்று ஜெசிந்தா மறந்திருந்தாள்.

“இருக்கு” என்றாள்.

சுயம்புலிங்கம் கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளப் பார்த்தார். நடுங்குகிற கைதானே, இடக்கையால் வாங்கிவிட்டாள். தட்டினாள்.

‘அங்கனயே நில்லுங்க’ என்றது ஒலிபெருக்கி. ‘நங்கூரத்தப் போடுங்க. வள்ளம் வருது.’

மணலில் நின்ற அத்தனை பேரும் ஜெசிந்தாவின் வாயைப் பார்த்தார்கள். வாய் மூடியிருந்தது.

‘யண்ணே’ என்றான் பிலேந்திரன். வியாகுலத்தின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. ‘தார்ப்பாய விரிச்சா…’ அவன் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டினாள், ஆமாம், ஆமாம் என்பதுபோல. ‘அக்காதானா அது?’ என்று அவன் கேட்டபோது தலையாட்டல் நின்றது. கஸ்பார் சிரித்தான்.

வியாகுலம் கையை விடவில்லை. இறுக்கினாள். நகம் தோலைக் கிழித்து இறங்கியது. ஜெசிந்தா கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி இருந்தது.